மோதலின் கதை – 9: நிற்க ஒரு முழம்

பதினேழாவது மாடி. தரையிலிருந்து சுமார் 144 அடி உயரம். அங்கிருந்து விழுந்த ஒரு பெண், கீழே இருந்த காற்றோட்டக் கூண்டின் மேல் போய் விழுந்தார். உலோகத் தகட்டால் செய்த கூண்டு. அவர் விழுந்த வேகத்தில் அது ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்கு உள்ளே அமுங்கியது. அவருடைய கை எலும்புகள் முறிந்தன. ஆனால் நினைவு தப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து, தன்னை அறைக்குத் திரும்பக் கூட்டிப்போகும்படி கேட்டிருக்கிறார்.

1942-இல் அமெரிக்காவின் ‘வார் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த நிகழ்வு பதிவாகியிருக்கிறது. ஐம்பது அடி முதல் நூற்றைம்பது அடி வரையிலான உயரங்களிலிருந்து விழுந்த எட்டுப் பேரின் கதை அதில் உண்டு. செய்தித்தாள்கள் இப்படிப்பட்டவற்றை ‘அதிசயமாக உயிர் தப்பினார்’ என்று எழுதிவிட்டு மறந்துவிடும். கட்டுரையை எழுதிய ஹியூ டிஹேவன் அதை அதிசயம் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. விழுந்த உயரம் எவ்வளவு, உடல் எந்தப் பக்கமாகத் தரை தொட்டது, எதன் மேல் விழுந்தது, அந்தப் பொருள் எத்தனை அங்குலம் அமுங்கியது என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதினார். கடைசி அளவுதான் அவருக்கு முக்கியம்.

அது ஏன் என்று புரிய, இந்தத் தொடரின் தொடக்கப் பகுதிகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறுவதில்லை என்பதை 1660-களிலேயே ஹைகன்ஸ், வாலிஸ், ரென் ஆகியோர் நிறுவிவிட்டார்கள். நியூட்டன் அதைத் தன் ஊசல்களால் சோதித்தும் பார்த்தார். ஆனால் ஹைகன்ஸின் கணக்கில் வருபவை கடினமான கோளங்கள். அவை தொடும் கணத்திலேயே மோதல் முடிந்துவிடும். முன்பு இருந்த வேகம் உண்டு, பின்பு வந்த வேகம் உண்டு; நடுவில் ஒன்றும் இல்லை. பில்லியர்ட்ஸ் பந்துக்கு அது போதும். மனிதன் சாவதோ பிழைப்பதோ அந்த நடுவில்தான் முடிவாகிறது.

நியூட்டனின் இரண்டாம் விதி அந்த நடுவைத் திறந்து காட்டுகிறது. உந்தம் எவ்வளவு மாறியது என்பதை, மாற எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 13.9 மீட்டர் வேகத்தில், காரில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உந்தம் ஏறக்குறைய 970 கிலோகிராம்-மீட்டர்/நொடி. கார் நின்றால் அவரும் நின்றாக வேண்டும். அந்த 970-ஐயும் யாரோ, எதுவோ அவரிடமிருந்து வாங்கியே தீர வேண்டும். மெல்ல பிரேக் பிடித்தாலும் 970-தான், சுவரில் மோதினாலும் 970-தான். இதில் பேரம் கிடையாது. பேரம் பேச முடிவது நேரத்தில் மட்டும். பத்தில் ஒரு நொடி கிடைத்தால், அவர் மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். கடினமான டேஷ்போர்டில் மோதி ஐந்தே சென்டிமீட்டரில் நின்றால் கிடைப்பது ஆயிரத்தில் ஏழு நொடி. அப்போது விசை கிட்டத்தட்ட பதினான்கு டன்.

டிஹேவனின் வழிக்கு வருவோம். விபத்தில் யாரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அமுங்கிய தகட்டை அளக்கலாம். நின்ற தூரம் தெரிந்தால் நேரத்தையும் விசையையும் பின்னோக்கிக் கணக்கிடலாம். 144 அடி விழுந்து ஒரு முழத்தில் நின்ற பெண்ணின் உடல், எப்படிக் குறைத்துப் போட்டாலும் தன் எடையைப்போல் 80 மடங்கு விசையைத் தாங்கியிருக்கிறது. இந்த மடங்கைத்தான் பொறியாளர்கள் ‘ஜி’ என்கிறார்கள். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு 1 ஜி. விசை உடலில் பரவலாக விழுந்து, நேரமும் மிகக் குறுகியதாக இருந்தால், மனித உடல் 200 ஜி வரைகூடத் தாங்கும் என்று டிஹேவன் முடிவுகட்டினார்.

இந்த ஆராய்ச்சிக்கு அவரைத் தள்ளியதும் ஒரு மோதல்தான். முதல் உலகப்போரின்போது கனடாவில் ராயல் ஃப்ளையிங் கோரில் சேர்ந்தவர் அவர். டெக்சாஸில் பயிற்சியின்போது இரண்டு விமானங்கள் வானத்திலேயே மோதிக்கொண்டன. மற்ற விமானி இறந்துபோனார். இவர் பிழைத்தார், கல்லீரலும் கணையமும் பித்தப்பையும் கிழிந்த நிலையில். தேறி வரும்போது தன் காயங்களின் காரணத்தை யோசித்தார். இடுப்பு வாரின் கூரான பக்கிள் வயிற்றைக் குத்தியிருந்தது. காப்பாற்ற வைத்த பொருளே கிழித்திருக்கிறது. பிழைத்தது அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தன்னைச் சுற்றியிருந்த விமானி அறை நசுங்காமல் நின்றதுதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

டிஹேவன் மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை. இயந்திரங்களை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கிப் பணம் சம்பாதித்த மனிதர். பொருள்களைக் கட்டி அனுப்பும் துறை அவருக்கு அத்துப்படி. பின்னாளில் அவர் எழுதியதிலும் அந்த அனுபவம் தெரிகிறது. உடையும் சரக்கை அனுப்புகிறவர் பின்பற்றும் விதிகளையே காருக்கும் சொன்னார். வழியில் பெட்டி திறந்துகொள்ளக் கூடாது. எதிர்பார்க்கும் அடியில் பெட்டி உள்ளிருக்கும் சரக்கின் மேல் நொறுங்கி விழக் கூடாது. சரக்கு உள்ளே உருளக் கூடாது. பிடித்து வைக்கும் கட்டு, சரக்கின் வலுவான பகுதிகளில் அழுந்த வேண்டும். பீங்கான் தட்டுக்குக் காட்டும் அக்கறையை மனிதருக்குக் காட்டாத காரை அவரால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பதற்கும் அதுதான் காரணம்.

1942-இல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆராய்ச்சித் திட்டம் அவர் பொறுப்பில் தொடங்கியது. முதலில் விமானங்கள், 1950-களில் கார்கள். இண்டியானா மாநிலக் காவல்துறை விபத்துக் குறிப்புகளைத் திரட்டித் தந்தது. அதிலிருந்து உடனே பளிச்சென்று தெரிந்த ஒன்று, மோதலில் கார்க் கதவு திறந்துகொள்வது. வெளியே தூக்கி எறியப்பட்டால் நல்லது, உள்ளே நசுங்காமல் தப்பலாம் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குறிப்புகள் நேர்மாறாகச் சொல்லின: வெளியே எறியப்பட்டவர்கள்தான் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். பெட்டி திறந்துகொள்ளக் கூடாது என்ற முதல் விதியே மீறப்பட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டு மாடல் கார்களில் கதவுப் பூட்டுகள் உறுதியாயின. ஃபோர்டு நிறுவனம் அதே ஆண்டில் கேட்பவர்களுக்கு டேஷ்போர்டு மெத்தையும் சீட் பெல்ட்டும் கொடுக்கத் தொடங்கியது.

டிஹேவன் விழுந்தவர்களைத் தேடி அளந்தார். தற்செயலாக நடந்ததிலிருந்து அதற்கு மேல் அறிய முடியாது. வேண்டுமென்றே ஒரு மனிதனை ஓடவிட்டு நிறுத்தி அளந்தால் என்ன? இந்தக் கேள்விக்குத் தன் உடலையே பதிலாகக் கொடுத்தவர் ஜான் பால் ஸ்டாப்.

ஸ்டாப் 1910-இல் பிரேசிலின் பாயியாவில், அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம், பிறகு மருத்துவப் பட்டம், பிறகு விமானப்படை மருத்துவர் வேலை. 1947-இல் கலிஃபோர்னியாவின் மியூராக் தளத்துக்கு அனுப்பப்பட்டார். இன்று அது எட்வர்ட்ஸ் தளம். அங்கே 2,000 அடி நீளத் தண்டவாளம் ஒன்று கிடந்தது. அதன் மேல் ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டி ஒன்றை ஓட்டினார்கள். வண்டியின் பெயர் ‘ஜீ விஸ்’.

அந்நாளில் விமான மருத்துவர்கள் 18 ஜியை மனிதனின் எல்லை என்று நம்பினார்கள். அதற்கு மேல் உயிர் தங்காது என்றால், அதற்கு மேல் தாங்கும் இருக்கை எதற்கு? இருக்கைகளும் வார்களும் அந்த எண்ணுக்கு ஏற்பவே செய்யப்பட்டன. விபத்தில் இருக்கை பிய்ந்துபோய் விமானி இறப்பார். பார்த்தீர்களா, 18 ஜிக்கு மேல் பிழைக்க முடியாது என்பார்கள். இப்படி ஓர் எண் தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டு எத்தனை உயிர்களை வாங்கியதோ!

முதலில் பொம்மையை உட்கார வைத்தார்கள். ‘ஆஸ்கர் எய்ட்பால்’ என்று அதற்குப் பெயர். ஓர் ஓட்டத்தில் லேசான வாரை மட்டும் கட்டி நிறுத்திப் பார்த்தபோது, வண்டி நின்றது, ஆஸ்கர் நிற்கவில்லை. முன்னால் இருந்த பலகையை உடைத்துக்கொண்டு, முகத்தின் ரப்பரை அங்கேயே விட்டுவிட்டு, சுமார் 700 அடி தள்ளிப் போய் விழுந்தது. 1947 டிசம்பரில் ஸ்டாப் தாமே ஏறினார். முதலில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்; முதுகு முழுவதும் விசையை வாங்கிக்கொள்ளும் நிலை அது. பிறகு ராக்கெட்டுகளைக் கூட்டினார். பிறகு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். 18 ஜி அடுத்தடுத்த ஓட்டங்களில் தாண்டிப்போனது. அதைப்போல் இரண்டு மடங்கும் தாண்டிப்போனது. விலா எலும்பு உடைந்தது, மணிக்கட்டு முறிந்தது, பல்லில் அடைத்த சிமெண்ட் பெயர்ந்தது. அவர் குறித்துக்கொண்டவற்றில் ஒன்று இங்கே முக்கியம்: உச்ச ஜி மட்டும் உடலைப் பாதிப்பதில்லை. அந்த உச்சத்துக்கு எவ்வளவு சடுதியில் ஏறுகிறது என்பதும் சேர்ந்தே பாதிக்கிறது. ஒரே உச்சத்தைப் படிப்படியாகக் கொடுத்தால் தாங்கும் உடல், வெட்டென்று கொடுத்தால் அதிர்ச்சியில் விழுகிறது.

1954 டிசம்பர் 10. இடம் நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளம். வண்டியின் பெயர் ‘சானிக் விண்ட் 1’. ஒன்பது ராக்கெட்டுகள். ஐந்து நொடிகளில் வேகம் மணிக்கு 632 மைல், அதாவது 1,017 கிலோமீட்டர். வண்டிக்கு மேலே ஜெட் விமானத்தில் பறந்தபடி தொடர்ந்துவந்த ஜோ கிட்டிங்கரை அது பின்தள்ளிவிட்டு ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே தேக்கிய தண்ணீரில் வண்டியின் அடிப்பகுதித் துடுப்புகள் இறங்கின. 1.4 நொடியில் வண்டி நின்றது.

சராசரியாகப் போட்டால் 20 ஜி சொச்சம், உச்சத்தில் 46.2. அந்த உச்சக் கணத்தில் ஸ்டாப்பின் உடல் மூன்றரை டன் எடைக்குச் சமமாக வாரில் அழுந்தியது. எலும்புகளை வார் பிடித்தது. கண்களை யார் பிடிப்பது? வண்டி நின்ற பிறகும் கண்விழிகள் முன்னோக்கிப் போகப் பார்த்தன. நாளங்கள் வெடித்து ரத்தம் கட்டியது. இமைகளைத் திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. பார்வை போய்விட்டது என்றே நினைத்தார். அன்றே அது திரும்பியது.

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 1,017 கிலோமீட்டரிலிருந்து 1.4 நொடியில் நின்றவர் பிழைத்து, 89 வயது வரை வாழ்ந்து, 1999-இல் இறந்தார். மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் டேஷ்போர்டில் ஐந்து சென்டிமீட்டரில் நிற்பவரின் உடல் வாங்குவது 200 ஜிக்கு அருகில். அதுவும் பரவலாக இல்லை. நெற்றியிலோ நெஞ்செலும்பிலோ ஓர் உள்ளங்கை அகலத்தில். ராக்கெட் வண்டியைவிட, கடைத்தெருவுக்குப் போகும் கார் ஆபத்தானது என்ற முடிவு இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஸ்டாப்பும் அந்த முடிவுக்கே வந்தார். விமானப்படை வீரர்கள் விமான விபத்துகளைவிடச் சாலை விபத்துகளில் அதிகம் சாகிறார்கள் என்று பதிவேடுகள் காட்டின. 1955-இல் ஹாலமனில் கார்களை மோதவிட ஆரம்பித்தார். விமானப்படையின் பணத்தில் கார்களை உடைப்பதா என்று மேலிடத்தில் எதிர்ப்பு எழுந்தது. தன் பதிவேடுகளை எடுத்து வைத்தார். அந்த ஆண்டே பொறியாளர்களையும் மருத்துவர்களையும் கூட்டி அவர் தொடங்கிய மாநாடு, ‘ஸ்டாப் கார் மோதல் மாநாடு’ என்ற பெயரில் இன்றுவரை நடக்கிறது. 1966 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஸ்டாப் அங்கே இருந்தார்.

உடல் தாங்கும் என்று தெரிந்தாகிவிட்டது. நிற்பதற்கான முழத்தைக் காரில் எங்கே கண்டுபிடிப்பது? இதற்கான விடை அமெரிக்காவில் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் ஜிண்டல்ஃபிங்கன் ஊரில், டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் ஒரு வரைபடப் பலகையில் கிடைத்தது.

பேலா பாரெனி வியன்னாவுக்கு அருகில் ஹிர்டன்பெர்கில் 1907-இல் பிறந்தவர். 1939-இல் டைம்லர்-பென்ஸில் வேலை கேட்டுப் போன நேர்காணலிலேயே அந்த நிறுவனத்தின் கார்களில் இருந்த குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார் என்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்த வில்ஹெல்ம் ஹாஸ்பெல் கோபப்படாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார். வாழ்நாளில் 2,500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பாரெனியின் பெயரில் பதிவாயின. அவற்றுள் ஒன்று 1951 ஜனவரியில் விண்ணப்பித்து, 1952-இல் கிடைத்தது.

அதுவரை நல்ல கார் என்றால் இரும்புக் கோட்டை. மோதியும் முகப்பு நெளியாத காரைப் பார்த்து வாங்குபவரும் செய்பவரும் பெருமைப்பட்டார்கள். நம் ஊரில் இன்றும் பழைய அம்பாசடர் வண்டியைக் காட்டி, ‘அந்தக் காலத்து இரும்பு, தட்டினால் கையே வலிக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. பாரெனி காரை மூன்றாகப் பிரித்தார். நடுவில் மனிதர்கள் உட்காரும் கூண்டு. அது நசுங்கவே கூடாது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு பகுதிகள் நசுங்கியே ஆக வேண்டும், அதுவும் ஒழுங்காக, வெளிமுனையில் மென்மையாகத் தொடங்கி உள்ளே வர வர வலுவாகி. மோதிய கார் சேதமில்லாமல் நிற்பதை ஓர் ஆபத்தின் அடையாளமாக அவர் பார்த்தார்.

கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதும் கார், முகப்பில் 20 சென்டிமீட்டர் மட்டும் விட்டுக்கொடுத்தால் உள்ளிருக்கும் கூண்டு சராசரியாக 49 ஜியில் நிற்கும். 60 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தால் 16 ஜி. உந்த இழப்பு இரண்டிலும் ஒன்றே. இன்னொரு பக்கம், ஆற்றலும் எங்காவது போக வேண்டும். 1,200 கிலோ கார் அந்த வேகத்தில் சுமந்துவருவது ஏறக்குறைய 1,16,000 ஜூல். தகடு மடியும் ஒவ்வொரு மடிப்பும் அதில் ஒரு பங்கைத் தின்கிறது. தகடு தின்னாத மிச்சம் மனிதர்களிடம் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் உந்தம் இரண்டு மடங்குதான், ஆற்றல் நான்கு மடங்கு. அதே விசையில் நிற்க நான்கு மடங்கு நீளமான முகப்பு வேண்டும். அப்படி ஒரு காரை யாராலும் செய்ய முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில் பாரெனியின் உதவி சீக்கிரமே தீர்ந்துபோவதன் காரணம் இந்த நான்குதான்.

நேருக்கு நேர் மோதலைப் பற்றிப் பலரிடமும் இருக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் எதிரெதிராக 50-இல் வந்து மோதினால், அது சுவரில் 100-இல் மோதியதற்குச் சமம் என்பார்கள். சமமில்லை. இரண்டின் உந்தமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு இரண்டும் அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் இழப்பது 50 மட்டுமே, நசுங்க இரண்டு முகப்புகளும் இருக்கின்றன. எடை மாறினால்தான் கொடுமை. 10 டன் லாரியும் 1 டன் காரும் 50-இல் எதிரெதிரே மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து லாரி போன திசையிலேயே 41-இல் நகரும். லாரியின் வேகம் 9 குறைகிறது. காரின் வேகமோ முன்னோக்கிய 50-லிருந்து பின்னோக்கிய 41-ஆக, மொத்தம் 91 மாறுகிறது. இரண்டின் மேலும் விழுந்த விசை ஒன்றே, நேரமும் ஒன்றே. நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. லாரி ஓட்டுநர் ஒரு குலுக்கலை உணர்ந்த அதே பத்தில் ஒரு நொடியில் காரில் ஒரு குடும்பம் போய்விடுகிறது.

பாரெனியின் யோசனை காகிதத்திலிருந்து சாலைக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 1959-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 111 கார்தான் நொறுங்கும் முகப்போடும் உறுதியான கூண்டோடும் வடிவமைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் கார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று ஜிண்டல்ஃபிங்கனில் ஒரு காரைத் திடமான தடுப்பில் மோதவிட்டு, அந்த நிறுவனம் தன் மோதல் சோதனைகளைத் தொடங்கியது. பிறகு வந்த ஆண்டுகளில் கார்களை உந்தித் தள்ள வெந்நீரின் நீராவியால் சீறும் ராக்கெட்டைக்கூடப் பயன்படுத்தினார்கள்.

இத்தனை செய்தும் ஒரு பெரிய ஓட்டை மிச்சம் இருந்தது. சோதனைப் படங்களை நொடியின் துண்டுகளாக ஓட்டிப் பார்த்தால் அது தெரியும். முகப்பு சுவரைத் தொடுகிறது. தகடு மடியத் தொடங்குகிறது. கூண்டின் வேகம் குறைகிறது. இருக்கையில் கட்டப்படாமல் இருப்பவரின் வேகம் குறையவில்லை. அவரைப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் அதே 50-இல் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். முகப்பு 60 சென்டிமீட்டரையும் மடித்து முடித்து, கார் நின்றேவிட்ட வேளையில்தான் அவர் நெஞ்சு ஸ்டீயரிங்கைத் தொடுகிறது. பாரெனி தேடிக் கொடுத்த தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. நின்றுபோன காரில், 50-இல் ஓடும் மனிதன். பின்னிருக்கையில் கட்டாமல் இருப்பவரும் அதே 50-இல்தான் வருகிறார். அவருக்கு முன்னால் இருப்பது முன்னிருக்கைக்காரரின் முதுகு.

அந்த மனிதனைக் கூண்டோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். அதுவும் டிஹேவனின் வயிற்றைக் கிழித்த பக்கிளைப்போல் இல்லாமல், அவருடைய நான்காம் விதிப்படி இடுப்பெலும்பிலும் மார்புக்கூட்டிலும் அழுந்துமாறு. 1958-இல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் இந்த வேலைக்கென்று ஒருவரை அமர்த்தியது. அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில், விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். நில்ஸ் போலின் என்ற அந்தப் பொறியாளரின் மூன்று முனை வாரையும், அதன் காப்புரிமையை வால்வோ எல்லோருக்கும் திறந்துவிட்டதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)